ஏரிக்கரைக் கீரை யாருடையது?

'பெரகெ சொப்பு' என்பது தனியொரு கீரையின் பெயரல்ல. கன்னடத்தில் 'பெரகெ' என்றால் கலவை, 'சொப்பு' என்றால் கீரை. மழை விழுந்து இரண்டு வாரம் ஆனதும் பெங்களூரைச் சுற்றியுள்ள ராகி வயல் வரப்புகளிலும் ஏரிக்கரைகளிலும் தோப்புகளிலும் பச்சை முளைத்து நிற்கும். அதில் தின்னத் தகுந்த தளிர்களை மட்டும் கிள்ளி மடியில் சேர்த்துக் கட்டிய கட்டுக்குத்தான் அந்தப் பெயர். பண்ணைக்கீரை, குப்பைக்கீரை, முள்ளுக்கீரைத் தளிர், பருப்புக்கீரை, மணத்தக்காளி, மூக்கிரட்டை, பொன்னாங்கண்ணி, சாரணை, தும்பை, புளியாரை என்று ஒரு கட்டில் ஐந்தாறு வகை இருக்கும். கைதேர்ந்தவர் பறித்தால் பத்தைத் தாண்டும். விதைத்தவர் யாருமில்லை, உரமோ மருந்தோ போட்டவரும் இல்லை.

இந்தக் கலவைக்கு ஒரு கணக்கு உண்டு. புளியாரை புளிப்புக்கு, மணத்தக்காளி லேசான கசப்புக்கு, பருப்புக்கீரை கொழகொழப்புக்கு, பண்ணைக்கீரையும் குப்பைக்கீரையும் கட்டின் கனத்துக்கு. பருப்போடு வேகவைத்து மத்தால் கடைந்தால் மஸ்ஸொப்பு. வெந்த நீரை வடித்தெடுத்து, அதில் மசாலா அரைத்துவிட்டுக் கொதிக்க வைத்தால் பஸ்ஸாறு; வடித்த பிறகு மிஞ்சும் கீரையும் பருப்பும் தாளித்துத் தொட்டுக்கொள்ள ஆகும். ஒரே அடுப்பில் குழம்பும் பொரியலும் முடிந்துவிடுகின்றன. கூடவே ராகி முத்தெ, அதாவது தமிழ்நாட்டுக் கேழ்வரகுக் களி. பழைய மைசூர்ப் பகுதியின் உழைப்பாளிக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக உண்டுவரும் சாப்பாடு இது. செலவு குறைவு, சத்து அதிகம்.

காசில்லாமல் அல்லது குறைந்த காசில் உணவு தேடுவதைப் பற்றிப் பேசும்போது பெங்களூர் நல்ல எடுத்துக்காட்டாக அமைவதற்கு அதன் நிலவமைப்பே காரணம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் மேட்டின் முதுகில் அமர்ந்திருக்கும் இந்த நகரத்துக்குப் பெரிய ஆறு கிடையாது. மழைநீரைத் தேக்க ஊர்தோறும் ஏரி வெட்டினார்கள். மேட்டு ஏரி நிரம்பினால் அடுத்த ஏரிக்கு வழியும்படி கால்வாய் அமைத்தார்கள். ஏரியைக் கன்னடத்தில் 'கெரெ' என்பார்கள். கெரெயோடு சேர்ந்து ஊருக்குப் பொதுவாக மேய்ச்சல் நிலம் இருந்தது, அது 'கோமாள'. மா, புளி, நாவல், பலா மரங்கள் நிற்கும் பொதுத்தோப்பும் இருந்தது. அது 'குண்டு தோப்பு'. ஊரார் ஆடு மாடு மேய்த்ததும், விறகு பொறுக்கியதும், கீரை கிள்ளியதும், பழம் உதிர்த்ததும் இந்த மூன்று இடங்களில்தான். நகரத்தின் இடப்பெயர்களில் இன்னும் அந்தத் தோப்புகளின் வாசம் மிச்சமிருக்கிறது. தமிழர்கள் அல்சூர் என்று அழைக்கும் ஹலசூரு, 'ஹலசு' எனப்படும் பலா மரங்களால் பெயர் பெற்றதாகச் சொல்வார்கள். விமான நிலையம் போகும் வழியிலுள்ள ஹுணசெமாரனஹள்ளியின் பெயரில் 'ஹுணசெ' எனும் புளி இருக்கிறது.

நகரம் பெருகியபோது முதலில் காணாமல் போனவை இந்தப் பொது இடங்களே. நகரின் நடுவிலிருந்த சம்பங்கி ஏரி கண்டீரவா விளையாட்டரங்கமாக மாறியது. இன்று மிஞ்சியிருப்பது கரக விழாச் சடங்குக்கான சிறு குளம். அந்த ஏரியின் தண்ணீரை நம்பித் தோட்டம் போட்டவர்கள் திகளர் எனப்படும் வன்னிகுல க்ஷத்திரியர்கள். தமிழ் மண்ணிலிருந்து பெங்களூருக்கு வந்து, காய்கறியும் கீரையும் பூவும் விளைவித்து இந்த நகரத்துக்குச் சோறிட்ட சமூகம் அது. தர்மராயர் கோயிலின் கரகத்தைச் சுமப்பவர்களும் அவர்களே. ஏரி எப்படி அரங்கமானது என்பதை ஹிதா உன்னிகிருஷ்ணனும் ஹரிணி நாகேந்திராவும் ஆவணங்களைக் கொண்டு விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். ஏரியை நம்பிப் பிழைத்தவர்களின் தேவை, ஏரியை வேடிக்கை பார்க்க வந்தவர்களின் விருப்பத்துக்கு வழிவிட்ட கதை அது.

அதே கதை இன்று வேறு வடிவத்தில் தொடர்கிறது. கடந்த இருபது ஆண்டுகளில் பல ஏரிகள் தூர்வாரப்பட்டு, கரை உயர்த்தப்பட்டு, வேலி போடப்பட்டு, நடைபாதையும் பூட்டுப் போட்ட வாயிலும் பெற்றிருக்கின்றன. தண்ணீர் நின்றது நல்லது. பறவைகள் திரும்பியதும் நல்லது. ஆனால் நடைப்பயிற்சிக்கு வருபவருக்கு வாயில் திறக்கிறது. ஆடு ஓட்டி வருபவருக்கும் கூடையோடு கீரை பறிக்க வரும் மூதாட்டிக்கும் பல இடங்களில் திறப்பதில்லை. அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹரிணி நாகேந்திரா, சீமா முண்டோலி ஆகியோரின் ஆய்வுகள் ஏரிகளும் குண்டு தோப்புகளும் ஏழைகளுக்கும் புலம்பெயர்ந்து வந்த தொழிலாளர்களுக்கும் உணவும் தீவனமும் விறகும் தந்துவந்ததைத் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. சேரிகளில் உள்ள மரங்களைப் பற்றி திவ்யா கோபாலும் ஹரிணி நாகேந்திராவும் 2014-ல் வெளியிட்ட ஆய்வும் இதையே வேறு பக்கமிருந்து சொல்கிறது. இடம் கைப்பிடி அளவே இருந்தாலும், அங்கே முருங்கைபோல வாய்க்கோ மருந்துக்கோ ஆகும் செடி கொடிகளுக்கு முதலிடம் கிடைக்கிறது.

தானாக முளைத்ததைப் பறித்துத் தின்பதற்கு ஒரு வெட்கமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது மிகப் பழையது. சிறுபாணாற்றுப்படையில் பாணன் வீட்டுப் பெண் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்புக்கும் வழியின்றி வேகவைத்து, அக்கம்பக்கத்தார் பார்த்துவிடக் கூடாதென்று வாசலைச் சாத்திவிட்டுச் சுற்றத்தோடு உண்கிறாள். தமிழர் 'தாது வருஷப் பஞ்சம்' என்று நினைவில் வைத்திருக்கும் 1876-78 பஞ்சம் மைசூர் நாட்டையும் கடுமையாகத் தாக்கியது. அந்த மாதிரிக் காலங்களில் உயிரைப் பிடித்து வைத்தவை இலைகளும் கிழங்குகளுமே. அதனாலேயே வசதி வந்ததும் மறக்க விரும்பிய உணவாகவும் அவை ஆயின. இப்போது காற்று மாறி வீசுகிறது. 'ஃபர்காட்டன் கிரீன்ஸ்' என்ற பெயரில் ஷ்ருதி தாராயில் காட்டுக்கீரைகளை அடையாளம் காட்டும் நடைகளை நடத்துகிறார். ஓவியர் சுரேஷ் குமார் 'சர்ஜாபுரா கறீஸ்' என்ற முயற்சியில் சர்ஜாபுரா வட்டாரத்துக் கீரைகளையும் அவற்றை அறிந்த பெண்களின் அறிவையும் முன்னே கொண்டுவருகிறார். மறக்கப்பட்டவை என்று நகரவாசிகள் சொல்லும் கீரைகளை அந்தப் பெண்கள் ஒருநாளும் மறக்கவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

கீரை பறிப்பில் முதல் பாடம் அடையாளம். புத்தகத்தையோ கைப்பேசிச் செயலியையோ மட்டும் நம்பிப் பறித்துச் சமைப்பது ஆபத்து. அந்தக் கீரையை வீட்டில் சமைத்து உண்டு வளர்ந்த ஒருவரோடு போய், முளைக்கும்போது ஒருமுறை, பூக்கும்போது ஒருமுறை, காய்க்கும்போது ஒருமுறை பார்த்துப் பழகிய பிறகே கை வைக்க வேண்டும். எடுத்துக்காட்டாகப் பண்ணைக்கீரையைப் பார்க்கலாம். கன்னடத்தில் அண்ணெ சொப்பு. வெள்ளியும் இளஞ்சிவப்பும் கலந்த கதிர்போன்ற பூ வந்துவிட்டால் எவருக்கும் அடையாளம் தெரியும். ஆனால் கீரையாக ருசிப்பது பூ வருவதற்கு முன்புள்ள இளம் செடி. அந்தப் பருவத்தில் அதைக் கண்டுபிடிக்க அனுபவம் வேண்டும். பருப்புக்கீரையில் வேறு சிக்கல். தரையோடு படரும் அதன் அருகிலேயே, பார்வைக்கு அதுபோலவே படரும் அம்மான் பச்சரிசி இனச் செடிகள் வளரும். தண்டை ஒடித்துப் பார்த்தால் போதும்: பால் வந்தால் அது பருப்புக்கீரை அல்ல.

பொன்னாங்கண்ணியின் கதை இன்னும் நீளமானது, பெங்களூருக்கு நேரடியாகத் தொடர்புடையது. கன்னடத்தில் ஹொனகொனெ சொப்பு. இதன் நெருங்கிய உறவினம் தென் அமெரிக்காவிலிருந்து வந்த அலிகேட்டர் களை. பெங்களூர் ஏரிகளின் கழிவுநீர் நுழையும் முனைகளில் பாய் விரித்ததுபோல் மிதந்து பரவியிருப்பது பெரும்பாலும் இதுவே. இலையைப் பார்த்து இரண்டையும் பிரிப்பது கடினம்; பூவைப் பார்த்தால் எளிது. பொன்னாங்கண்ணியின் வெள்ளைப் பூங்கொத்து காம்பே இல்லாமல் இலைக்கும் தண்டுக்கும் இடையிலான கணுவில் உட்கார்ந்திருக்கும். அலிகேட்டர் களையின் பூங்கொத்து தனிக் காம்பில் நிமிர்ந்து நிற்கும். தண்டும் உள்ளே குழலாக இருக்கும். களை என்பதால் அது விஷம் என்று பொருளல்ல, பலர் சமைத்துத் தின்னத்தான் செய்கிறார்கள். அது வளரும் தண்ணீரே பிரச்சினை. கழிவுநீரிலுள்ள கன உலோகங்களை உறிஞ்சிச் சேர்த்துக்கொள்ளும் குணம் அதற்கு உண்டு. இந்தக் குழப்பம் பெங்களூருக்கு மட்டும் உரியதும் அல்ல. ஆஸ்திரேலியாவில் குடியேறிய இலங்கையர் பலர், ஊரில் 'முக்குனுவென்ன' என்று சிங்களத்தில் அழைக்கப்படும் பொன்னாங்கண்ணி என்றே நம்பி, அங்கே தடைசெய்யப்பட்ட இந்தக் களையை வீட்டுத் தோட்டங்களில் வளர்த்துவந்தது 1990-களில் தெரியவந்தது. அதிகாரிகள் அவற்றை அகற்றி, மாற்றாக வளர்க்க வேறொரு கீரைச் செடியைப் பரிந்துரைத்தார்கள்.

தொடவே கூடாதவை சில உண்டு. சாலை நடுவே அழகுக்கு நட்டிருக்கும் அரளியிலும் மஞ்சள் அரளியிலும் முழுச் செடியும் நஞ்சு. ஊமத்தை இலையும் விதையும் அப்படியே. வேலியோரக் குன்றிமணியின் விதையைக் கடித்து மென்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து. காட்டாமணக்கின் கொட்டையைப் பருப்பென்று நினைத்துத் தின்ற குழந்தைகள் வாந்தியோடு மருத்துவமனைக்கு வரும் செய்தி இந்தியாவின் பல மாநிலங்களிலிருந்தும் வந்துகொண்டிருக்கிறது. மணத்தக்காளியில்கூட பழுக்காத பச்சைக் காயைப் பச்சையாகத் தின்னக் கூடாது. காளானைப் பொறுத்தவரை ஒரே ஒரு அறிவுரைதான்: நகரத்தில் காளான் பறிக்காதீர்கள். மழைக்குப் பின் புல்தரைகளில் குடைவிரித்தாற்போல் பெரிதாக முளைக்கும் வெள்ளைக் காளான்களில் ஒரு வகைக்கு, வயதான பிறகு அடிப்பக்கம் பச்சை படரும். அது கடும் வாந்தி பேதியை உண்டாக்கும். இளமையில் அதற்கும் நல்ல காளானுக்கும் வித்தியாசம் தெரியாது. காளான்தான் வேண்டுமென்றால் வீட்டில் வளர்க்கலாம். ஹேசரகட்டாவிலுள்ள இந்திய தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் காளான் விதை தயாரித்துத் தருகிறது. வைக்கோலும் ஓர் இருண்ட மூலையும் இருந்தால் சிப்பிக் காளான் சில வாரங்களில் கைக்கு வரும்.

நல்ல கீரையும் எல்லோருக்கும் நல்லதல்ல. பருப்புக்கீரையிலும் தண்டுக்கீரை இனங்களிலும் ஆக்சலேட் அதிகம். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் ஒதுக்குவது நல்லது. வேகவைத்து நீரை வடிப்பது ஆக்சலேட்டை ஓரளவு குறைக்கும். பழக்கமில்லாத கீரையை முதல்முறை உண்ணும்போது ஒரு கரண்டிக்கு மேல் வேண்டாம். கர்ப்பிணிகளும் நாள்பட்ட நோய்க்கு மருந்து உட்கொள்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் உண்ண வேண்டாம்.

அடையாளத்தைவிடப் பெங்களூரில் பெரிய கேள்வி தண்ணீர். பெள்ளந்தூர் ஏரி நுரை பொங்கி, 2015, 2017, 2018 ஆகிய ஆண்டுகளில் தீப்பற்றி எரிந்ததை நாடே பார்த்தது. நகரின் தென்மேற்கில் ஓடும் விருஷபாவதி, பீண்யா தொழிற்பேட்டையின் கழிவையும் வீடுகளின் சாக்கடையையும் சுமந்துகொண்டு பிடதி அருகே பைரமங்கல ஏரியில் போய்ச் சேர்கிறது. அந்தத் தண்ணீரில் விளையும் கீரை செழிப்பாக, கரும்பச்சையாக, கடைக்காரர் கண்ணைப் பறிக்கும்படி இருக்கும். பெங்களூர் சுற்றுவட்டாரக் காய்கறிகளையும் கீரைகளையும் சோதித்த ஆய்வுகள் காரீயம், காட்மியம், நிக்கல் போன்றவை வரம்பு மீறி இருப்பதைப் பலமுறை கண்டறிந்திருக்கின்றன. காய்களைவிட இலைகள் இவற்றை அதிகமாகச் சேர்த்துக்கொள்ளும். கிருமியைச் சமையல் கொல்லும். இலை உறிஞ்சிக்கொண்ட காரீயத்தை உப்புநீரில் ஊறவைத்தாலும் கொதிக்கவைத்தாலும் நீக்க முடியாது.

ஆகவே பறிக்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பறிப்பவரின் பொறுப்பு முழுவதும் இருக்கிறது. மழைநீர் மட்டும் பட்டு வளர்ந்த மானாவாரி வயல் வரப்பு, வீட்டுத் தோட்டம், மொட்டை மாடித் தொட்டி, மருந்தடிக்காத பள்ளி வளாகம் ஆகியவை நல்லவை. வாகனம் நெரியும் சாலை ஓரம், ரயில் பாதை, இடித்த கட்டடக் குப்பை கொட்டிய மனை, சாக்கடை வாய்க்கால், கழிவுநீர் நுழையும் ஏரி முனை ஆகியவை ஆகாதவை. களைக்கொல்லி தெளித்த இடத்தில் செடிகள் வரிசையாக மஞ்சளித்து வாடியிருக்கும். அங்கே பச்சையாக மிஞ்சியதையும் விட்டுவிட வேண்டும். ஏரிகளிலும் எல்லாம் ஒன்றல்ல. ஜக்கூர் ஏரியில் சுத்திகரித்த கழிவுநீர் செடிகள் நிறைந்த சதுப்பின் வழியே சென்று ஏரிக்குள் கலக்கிறது. அங்கே அசுத்தத்தை உறிஞ்சுவதுதான் அந்தச் சதுப்புச் செடிகளின் வேலை. அப்படிப்பட்ட செடிகளைச் சட்டிக்குக் கொண்டுவருவது, வடிகட்டியைக் கழுவிக் குடிப்பதற்குச் சமம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதில் பலருக்குத் தவறான எண்ணம் உண்டு. வேலிக்கு வெளியே தொங்கும் மாங்காய் பொதுச்சொத்து என்பது வழக்கில் உள்ள நம்பிக்கை. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆம் பிரிவின்படி, மண்ணோடு ஒட்டி நிற்கும் வரை செடியும் காயும் திருட்டுக்குரிய பொருளாகாது. பறித்த கணத்தில் ஆகிவிடும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்திலும் இதே விளக்கம்தான். உரிமையாளரைக் கேட்டுப் பறிப்பது ஒன்றே வழி, பெரும்பாலோர் மறுப்பதும் இல்லை. காலி மனை என்பதும் யாருக்கோ சொந்தமான மனையே.

லால்பாக், கப்பன் பூங்கா ஆகியவை 1975-ஆம் ஆண்டின் கர்நாடக அரசுப் பூங்காக்கள் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருபவை. அங்கே பூவோ காயோ பறிக்க இடமில்லை. சாலையோர மரங்களை வெட்டுவதும் சேதப்படுத்துவதும் 1976-ஆம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். தரையில் உதிர்ந்த நாவற்பழத்தைப் பொறுக்குவதை யாரும் தடுப்பதில்லை. கல்லெறிவதும் கிளையை வளைத்து முறிப்பதும் வேறு. புளிய மரங்களின் மகசூலைப் பல இடங்களில் ஆண்டுதோறும் ஏலம் விடுவதால், சாலையோரப் புளியைப் பறிக்கும் முன் உள்ளூரில் கேட்டுக்கொள்வது அவசியம். நகரத்தின் தெற்கு விளிம்பிலிருக்கும் பன்னேர்கட்டா 1974 முதல் தேசியப் பூங்கா. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அங்கிருந்து ஒரு கைப்பிடி இலையைக்கூட அனுமதியின்றி எடுக்க விடாது. அந்தக் காட்டை அண்டி வாழ்ந்துவரும் இருளிகர் போன்ற பழங்குடிகளின் நிலை வேறு. கிழங்கு, தேன் போன்ற சிறு வன விளைபொருள்களைச் சேகரிக்கும் உரிமையை 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் காட்டை நம்பி வாழும் சமூகங்களுக்கு அளித்திருக்கிறது. அது அவர்களுக்கு உரிய உரிமை. வார இறுதியில் காரில் வருபவர் அதைத் தனக்கும் சேர்த்துக் கணக்கிடக் கூடாது.

ஏரிகள் மாநகராட்சி, வளர்ச்சி ஆணையம், வனத்துறை என்று வெவ்வேறு கைகளில் இருப்பதால் விதியும் ஏரிக்கு ஏரி மாறும். வாயிலில் உள்ள பலகையைப் படித்து, காவலரைக் கேட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். மீன் பிடிக்கும் உரிமை பெரும்பாலும் குத்தகைக்கு விடப்பட்டிருக்கும். தூண்டில் போடுவதும் அந்தக் குத்தகைதாரரின் பிழைப்பில் கை வைப்பதே. கோமாளமும் குண்டு தோப்பும் ஊர்ப் பொதுச்சொத்து. பொது நிலங்களை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்டு ஊராரிடம் திருப்பித் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. அந்தத் தீர்ப்புக்குப் பிறகும் பெங்களூர் விளிம்பில் எத்தனையோ தோப்புகள் பேருந்து நிலையமாகவும் அரசுக் கட்டடமாகவும் மனைகளாகவும் மாறியிருக்கின்றன.

சட்டம் தொடாத இடத்தில் முறை இருக்கிறது. பழகிய பெண்கள் கீரை கிள்ளுவதைப் பார்த்தால் அது புரியும். வேரோடு பிடுங்க மாட்டார்கள்; நகத்தால் நுனியைக் கிள்ளுவார்கள். கிள்ளிய இடத்தில் இரண்டு கிளை வெடித்து, அடுத்த வாரம் மறுபடி பறிக்கக் கிடைக்கும். ஓர் இடத்தில் இருப்பதையெல்லாம் வழித்துக்கொண்டு போகமாட்டார்கள். விதைக்கு நாலு செடி நிற்கும். நகரவாசி இதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அன்றைய குழம்புக்கோ, விற்று அரிசி வாங்கவோ ஒருவர் பறிக்கும் இடத்தில், ஆர்வத்துக்காகப் பறிப்பவர் ஒதுங்கி நிற்பதே நியாயம்.

கீரைக்கு அடுத்தபடி மரங்கள் கொடுக்கும். ஏப்ரல் முதல் ஜூன் வரை மா, மே முதல் ஜூலை வரை பலா, ஜூன் ஜூலையில் நடைபாதையெல்லாம் ஊதாக் கறை படிய நாவல். பள்ளி வாசல்களில் கன்னடக் குழந்தைகள் 'கசகசெ ஹண்ணு' என்று பொறுக்கித் தின்னும் சிறு சிவப்புப் பழத்தைத் தமிழ்க் குழந்தைகள் தேன்பழம் என்கிறார்கள். கொடுக்காப்புளியும் இலந்தையும் நகரத்தின் ஓரங்களில் இன்னும் உண்டு. ஒரு வீட்டுக்கு ஒரு முருங்கை இருந்தால் தெருவுக்கே கீரை கிடைக்கும்.

பறிப்பது மட்டுமே வழியல்ல. சந்தையிலும் வழி இருக்கிறது. கே.ஆர். மார்க்கெட்டில் விடியற்காலையிலும், மடிவாளாவிலும் ரஸல் மார்க்கெட்டிலும் கடை கட்டும் நேரத்திலும் விலை இறங்கும். அங்கே முள்ளங்கி, நூக்கல், பீட்ரூட், காலிஃபிளவர் ஆகியவற்றின் இலைகளை வியாபாரிகள் ஒடித்துக் குவித்திருப்பார்கள். மாட்டுக்குப் போகும் அந்த இலைகள் எல்லாமே சமைக்கத் தகுந்தவை. கேட்டால் சும்மாவே தருவார்கள். பலாக்கொட்டை, தர்பூசணித் தோலின் வெள்ளைச் சதை, பூசணிக்கொடியின் நுனி ஆகியவையும் அப்படித்தான். 1959-ல் திராட்சை விவசாயிகளின் கூட்டுறவாகத் தொடங்கி ஹாப்காம்ஸ் என்று வளர்ந்த அமைப்பின் கடைகளில் விவசாயியிடமிருந்து நேரே வந்த காய்கறி கிடைக்கும். டிசம்பர், ஜனவரியில் அவரை குவியும்; அந்த இரண்டு மாதமும் பெங்களூர் வீடுகளில் உப்புமா முதல் குழம்பு வரை அவரைதான். பருவத்தை ஒட்டிச் சமைப்பதைவிட மலிவான சமையல் இல்லை. சமைக்கவே வழியில்லாதவருக்கு, 2013-ல் சென்னையில் வந்த அம்மா உணவகத்தைப் பார்த்து 2017 ஆகஸ்டில் தொடங்கிய இந்திரா கேன்டீன்கள் இருக்கின்றன. தொடங்கியபோது காலை உணவு 5 ரூபாய், மதிய உணவும் இரவு உணவும் 10 ரூபாய். அல்சூர் குருத்வாராவின் லங்கரில் பெயரோ மதமோ கேட்காமல் சோறு போடுகிறார்கள்.

இதே நகரத்தில் கொட்டப்படும் சோற்றின் அளவையும் ஒருமுறை எண்ணியிருக்கிறார்கள். பெங்களூர் வேளாண் அறிவியல் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர்கள் 2012-ல் வெளியிட்ட ஆய்வு, நகரத்தின் 531 கல்யாண மண்டபங்களில் ஆண்டுக்கு 943 டன் நல்ல உணவு வீணாவதாகக் கணக்கிட்டது. மிஞ்சிய உணவைப் பாதுகாப்பாகச் சேகரித்து வழங்குவதற்கென்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-ல் தனி விதிமுறைகளையே வெளியிட்டது. பந்தியில் பரிமாறாமல் மூடிவைத்த உணவு, சமைத்த சில மணி நேரத்துக்குள், சுத்தமான பாத்திரத்தில் போய்ச் சேர வேண்டும். மண்டபத்தைப் பதிவு செய்யும் நாளிலேயே உணவு சேகரிக்கும் தொண்டர்களிடம் சொல்லிவைத்தால் இது நடக்கும். பந்தி முடிந்த பிறகு யோசித்தால் நடக்காது.

ஏரிகளைப் பராமரிக்கும் அலுவலகங்களும் குடியிருப்போர் சங்கங்களும் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. கழிவு கலக்காத ஏரிகளின் கரையில் வாரத்தில் சில காலைப்பொழுதுகளைக் கீரை பறிப்பவர்களுக்கும் புல் அறுப்பவர்களுக்கும் ஒதுக்கி, அதை வாயில் பலகையிலேயே எழுதிவைக்க வேண்டும். ஏரி நீரையும் கரை மண்ணையும் சோதித்த முடிவை அந்தப் பலகைக்குப் பக்கத்தில் கன்னடத்திலும் தமிழிலும் தெலுங்கிலும் ஒட்ட வேண்டும். பூங்காவில் அழகுச் செடி நடும் இடத்தில் பாதியை முருங்கைக்கும் நாவலுக்கும் கொடுக்க வேண்டும். வாசகர் செய்யக்கூடியது இன்னும் எளிது. தலையில் கூடையோடு பெரகெ சொப்பு கொண்டுவரும் அம்மாவிடம் பேரம் பேசாமல் ஒரு கட்டு வாங்குங்கள். எந்த வயலில், எந்தக் கரையில் பறித்தது என்று கேளுங்கள். கட்டை அவிழ்த்து ஒவ்வொரு இலைக்கும் பெயர் சொல்லச் சொல்லுங்கள்.